டிக்கி தூக்கிய லொரெய்ன்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று ஹோபர்ட் பக்னர் உறுதியாக முடிவெடுத்தான். முடிவெடுத்த இடம் கோழிக்கூடு. அந்த வீட்டில் அவனுக்கு எதிர்ப்பேச்சு வராத இடம் அது ஒன்றுதான். அங்கேயும் ஒரு கிழட்டுச் சேவல் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

பிரச்சினை சினிமாவால் வந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கம்பெனி கேமராக்களோடு மலையேறி வந்திருந்தது. சாராயம் கடத்துகிற கார்களைப் பற்றிப் படம். முதலில் தங்கள் ஊர்க் கார்களைக் கொண்டுவந்து நம் மலைப்பாதையில் விட்டுப் பார்த்தார்கள். முதல் வளைவிலேயே இரண்டு கார்கள் ஓடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. அப்புறம்தான் புத்தி வந்து, "அசல் சாராயக் கார் வேண்டும். நல்ல விலை. கேள்வி கேட்க மாட்டோம்" என்று பெட்ரோல் பங்கில் எழுதி ஒட்டினார்கள்.

இருபது வருஷமாக ஷெரீஃப் சல்லடை போட்டுத் தேடியும் எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு சாராயக் கார்கூட அகப்பட்டதில்லை. எழுதி ஒட்டிய மறுநாள் மத்தியானத்துக்குள் பத்தொன்பது கார்கள் வரிசையில் நின்றன. ஷெரீஃப்தான் பாவம், வெயிலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார். பதினேழாவது கார் அவருடைய சொந்த மருமகனுடையது. அதற்கு மட்டும் அவர் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

வரிசையில் நிற்காத ஒரே கார் ஹோபர்ட்டின் லொரெய்ன்.

ஐம்பதாம் வருஷத்துக் கறுப்பு ஃபோர்டு. உள்ளே இருப்பது வேகத்துக்காக மாட்டிய ஒரு பழைய ஆம்புலன்ஸின் எஞ்சின். டிக்கிக்குள் நூறு கேலன் சாராயம் பிடிக்கிற செப்புத் தொட்டி. பின்சக்கரங்களுக்கு மேலே லாரிக்குப் போடுகிற ஸ்பிரிங் பட்டை. தொட்டி நிறைந்திருந்தால் லொரெய்ன் ரொம்ப அடக்க ஒடுக்கம். தரையோடு சமமாகப் போகும். காலியாக இருந்தால்தான் வம்பு. அழுத்துவதற்குக் கனம் இல்லாமல் பின்பக்கம் எகிறிக்கொள்ளும். தண்ணீர் குடிக்கக் குனிந்த கோழி மாதிரி மூக்கு கீழே, டிக்கி மேலே. எங்கள் ஊரில் யாரும் காரின் முகத்தைப் பார்ப்பதில்லை, டிக்கியைத்தான் பார்ப்போம்; தூக்கி நின்றால் சாராயக் கார். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது ஹோபர்ட் டிக்கிக்குள் ஆறு மூட்டை கோழித்தீவனம் ஏற்றிக்கொள்வான். திரும்பி வந்து இறக்கிவைப்பான். அவன் பைபிளை மறந்த ஞாயிறு உண்டு, தீவனத்தை மறந்த ஞாயிறு கிடையாது.

"விக்கப் போறியா இல்லையா?" என்றாள் அவன் பெண்டாட்டி வெர்டி, சோள ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே.

"எதை?"

"உன் சின்ன வீட்டை."

"காரைப் போய் அப்படிச் சொல்லாதே வெர்டி."

"பதினெட்டு வருஷத்துல என்னை ஒரு நாள் 'கண்ணு'ன்னு கூப்பிட்டிருப்பியா? நேத்து அதைத் தொடைச்சிக்கிட்டே கூப்பிட்டே. என் காதால கேட்டேன்."

"அது... ஹெட்லைட்டைச் சொன்னேன்."

"சரி. பின்கண்ணாடியில இருக்குதே ஓட்டை, அது?"

"மரங்கொத்தி."

"மரங்கொத்தி மரத்தைக் கொத்தும். கண்ணாடியைக் கொத்துமா?"

"சின்னக் குஞ்சு. இப்பத்தான் பழகுது."

வெர்டி சிரிக்கவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கலால்காரன் சுட்ட குண்டுய்யா அது. நாலு விரக்கடை தள்ளி வந்திருந்தா, இந்த மேஜையில நான் தனியா உக்காந்து தின்னுக்கிட்டிருப்பேன். நீ அந்தக் காரை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நீ திரும்புற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கிறேன். போதும். ஸ்கூல் பஸ் ஓட்ட ஆள் தேடுறாங்க. உன் பேரைக் கொடுத்துட்டேன்."

ஹோபர்ட் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டான். "ஸ்கூல் பஸ்ஸா! அது இருபத்தஞ்சு மைல் வேகத்துக்கு மேல போகாதே!"

"பள்ளிக்கூடம் போற புள்ளைங்க எதுக்குய்யா அவசரப்படப் போகுது?"

"நான் விக்க மாட்டேன்."

"விக்கிறோம்னு போன ஞாயிறு சர்ச்சுல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே. பாஸ்டர் எந்திரிச்சு நின்னு உனக்காக ஜெபம் பண்ணினாரு. நீயும் 'ஆமென்' சொன்னியே?"

"தூக்கத்துல சொன்னேன்."

"கர்த்தருக்கு அதெல்லாம் கணக்கில்ல. சினிமாக்காரர் ஃபிங்க் கிட்ட பேசி முடிச்சாச்சு. சனிக்கிழமை பருந்துப் பாறையிலேருந்து உருட்டி விடப்போறாங்களாம். படத்தோட கடைசிக் காட்சியே அதுதானாம்."

உருட்டி விடப்போகிறார்கள். லொரெய்னை. ஹோபர்ட் எழுந்து நேரே கோழிக்கூட்டுக்குப் போனான். அங்கே எடுத்ததுதான் மேலே சொன்ன முடிவு. கூடவே ஒரு திட்டமும் பிறந்தது. அது பிறந்த வேகத்தைப் பார்த்து அவனே தன்னை ஒரு தடவை தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

வெர்டிக்கு டெல்மர் என்று ஒரு தம்பி. அவனிடமும் அதே வருஷத்து, அதே கறுப்பு ஃபோர்டு ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக எண்ணெய் ஊற்ற மறந்து எஞ்சினை இறுக வைத்துவிட்டான். அதிலிருந்து அது நின்ற இடத்தில் நிற்கிறது.

"மாப்ளே, உன் காரைக் கொடு" என்றான் ஹோபர்ட்.

"அது ஓடாதே மாமா."

"பாறையிலேருந்து விழுறதுக்கு ஓட வேண்டாம்டா. உன் காரை என் காருன்னு அனுப்புறோம். என் காரை உன் புகையிலைக் கொட்டகையில ஒளிச்சு வைக்கிறோம்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"என்னைக் கொன்னுடுவா. அப்புறம் உன்னையும் கொன்னுடுவா. அதனால நீ சொல்ல மாட்டே."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"என்ன வேணும்?"

டெல்மர் ஹோபர்ட்டின் வேட்டை நாயைப் பார்த்தான். சாம்சன் என்று பெயர். மூன்று மலைக்கு அப்பால் போன ரக்கூனையும் மோப்பம் பிடித்துவிடும். ஹோபர்ட் கண்ணை மூடிக்கொண்டு நாயின் கயிற்றை அவன் கையில் கொடுத்தான். நாய் போனால் நாய், லொரெய்ன் பிழைத்தால் போதும்.

"அக்கா தலைமேல சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா" என்றான் டெல்மர். அந்தத் தலையில் அவன் இதுவரை செய்த சத்தியங்களுக்கு அது இத்தனை நாள் தாங்கியதே அதிசயம்.

புதன்கிழமை மத்தியானம் பெண்களெல்லாம் ஒட்டுப்போர்வை தைக்க சர்ச்சில் கூடினார்கள். ஆண்கள் இருவரும் வேலையில் இறங்கினார்கள். லொரெய்ன் டெல்மரின் கொட்டகைக்குப் போய் தார்ப்பாய்க்குள் ஒளிந்தது. டெல்மரின் காரைக் கோவேறு கழுதை இழுத்துவந்து ஹோபர்ட்டின் கொட்டகையில் விட்டது. நம்பர் பலகையை மாற்றியாயிற்று. ஒரே ஒரு குறை. டெல்மரின் கார் பின்பக்கம் சமமாக, பரம யோக்கியமாக நின்றது.

"இதைப் பார்த்தா குருடன்கூட சாராயக் காருன்னு நம்ப மாட்டானேடா" என்றான் ஹோபர்ட்.

இரண்டு ஓக் கட்டைகளைச் செதுக்கி ஸ்பிரிங்குக்கும் காருக்கும் நடுவே சம்மட்டியால் அடித்து ஏற்றினான். டிக்கி மெல்ல மெல்ல மேலே எழுந்தது. பத்தடி தள்ளிப்போய் நின்று பார்த்தான். அவனுக்கே புல்லரித்தது.

"எது லொரெய்ன், எது போலின்னு எனக்கே தெரியலையேடா!"

"தெரியலையா மாமா?"

"சத்தியமா தெரியல!"

"நல்லதாப் போச்சு" என்றான் டெல்மர்.

மறுநாள் ஹோபர்ட் சோளம் அரைக்க மில்லுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினான். கொட்டகை காலி.

"சினிமாக்காரங்க லாரியோட வந்தாங்க. ஏத்தி அனுப்பிட்டேன்" என்றாள் வெர்டி.

ஹோபர்ட் கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதான். நடுவில் அவனுக்கே துக்கம் உண்மையாக வந்துவிட்டது. வெர்டி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஆப்பிள் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் மனசு உறுத்தியது. கேக்கைத் தின்று முடிப்பதற்குள் சரியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவனால் இருப்புக்கொள்ளவில்லை. டெல்மரின் கொட்டகைக்கு ஓடினான்.

"ஒரே ஒரு தடவை தொறடா. தொட்டுப் பார்த்துட்டுப் போயிடுறேன்."

"அக்கா இந்தப் பக்கமே சுத்திக்கிட்டிருக்கு மாமா. மாட்டிக்குவோம். இடுக்கு வழியாப் பார்த்துக்கோ."

பலகை இடுக்கில் ஹோபர்ட் கண்ணை வைத்தான். உள்ளே தார்ப்பாய். தார்ப்பாய்க்குள் கம்பீரமாகத் தூக்கி நின்றது டிக்கி. அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கண்ணு, இன்னும் ரெண்டே நாள். பொறுத்துக்கோ" என்று இடுக்கில் வாயை வைத்துச் சொன்னான். சாம்சன் பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தது.

சனிக்கிழமை காலை பருந்துப் பாறையில் திருவிழாக் கூட்டம். ஆளுக்கொரு கூடையில் வறுத்த கோழி. பாஸ்டருக்கு மட்டும் நாற்காலி. சரிவின் உச்சியில் கார் நின்றது. உடல் முழுக்கச் சேறு பூசியிருந்தார்கள். சில்லு பறக்கக் கூடாது என்று கண்ணாடிகளையெல்லாம் கழற்றியிருந்தார்கள். டிக்கி மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது. 'கட்டை இன்னும் நழுவல பாரு! கைவேலைன்னா இது கைவேலை' என்று ஹோபர்ட் மனசுக்குள் மார்தட்டிக்கொண்டான்.

ஃபிங்க் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மிஸ்டர் பக்னர், என்ன அழகான பின்பக்கம்! இதை யாராலும் போலியாகச் செய்ய முடியாது!"

"முடியவே முடியாதுங்க" என்றான் ஹோபர்ட், அடக்கமாக.

"பாதி தூரம் தள்ளிவிட ஆள் வேண்டும். மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும்."

"நானே தள்ளுறேன்."

வெர்டி அவன் கையைப் பிடித்தாள். "வேணாம்யா. உன் மனசு தாங்காது. வேற யாராவது தள்ளட்டும்."

"வாக்குன்னா வாக்கு வெர்டி. என் கையாலயே அனுப்பி வைக்கிறேன்."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். எத்தனை வருஷப் பிரசங்கத்துக்கு இன்றுதான் ஒரு பலன்.

ஹோபர்ட் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கோவேறு கழுதை இல்லாமல் ஒரு அடி நகராத கார், இப்போது வெண்ணெயில் விட்ட கத்தியாக வழுக்கிக்கொண்டு போனது. சாகப் போகிற நேரத்தில் என்ன சுறுசுறுப்பு என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சிரிப்பை அழுகையாக மாற்ற முகத்தை மூடிக்கொண்டான். கார் விளிம்பைத் தாண்டியது. பறந்தது. ஒரு குட்டிக்கரணம், இரண்டு குட்டிக்கரணம். மூன்றாவதில் டிக்கி திறந்துகொண்டது.

உள்ளேயிருந்து, வெயிலில் தகதகவென்று, நூறு கேலன் செப்புத் தொட்டி ஒன்று வெளியே குதித்தது.

'டெல்மர் காருக்கு நாம தொட்டி வைக்கலியே' என்று ஹோபர்ட் நினைத்தான். அடுத்து அவன் எதையும் நினைக்கவில்லை. அலறினான். அந்த அலறல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

"பிரமாதம்!" என்று குதித்தார் ஃபிங்க். "அந்தக் குரலைப் பதிவு பண்ணினீர்களா? கதாநாயகனுக்கே இப்படி அலற வரவில்லையே!"

கீழே ஆறு ஒரு தடவை வெள்ளையாகப் பொங்கி அடங்கியது. ஹோபர்ட் திரும்பிப் பார்த்தான். டெல்மர் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தான். வெர்டி பக்கத்தில் வந்து கைக்குட்டையை நீட்டினாள்.

"அது... அது எப்படி..." என்றான் ஹோபர்ட்.

"டெல்மர் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். நீ மில்லுக்குப் போனியே, அப்ப நானே லொரெய்னை ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்றாள் வெர்டி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "டெல்மரோட காரைக் கழுதையைக் கட்டி அவன் கொட்டகைக்கே திருப்பி அனுப்பிட்டேன். நேத்துகூட நீ அதைக் கண்ணுன்னு கொஞ்சினியாமே."

"அடிப்பாவி!"

"திட்டிக்கோ. ரொம்ப நாள் உயிரோட இருந்து திட்டு. எனக்கு அதுதான் வேணும்."

நீட்டிய கைக்குட்டையால் அவளே தன் கண்ணை ஒரு தடவை ஒற்றிக்கொண்டாள். ஹோபர்ட் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அதற்குள் பாஸ்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஷெரீஃப், அவருக்குப் பின்னால் மொத்தப் பள்ளத்தாக்கும், கையில் கோழிக்காலோடு.

"ஹோபர்ட், என்னப்பா ஆச்சு? நல்லாத்தானே தள்ளினே, திடீர்னு ஏன் இப்படிக் கத்துறே?"

"பாஸ்டர்!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினான் ஹோபர்ட். "அது என் கார், பாஸ்டர்! அது என் கார்!"

பாஸ்டர் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தார். வெர்டியைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார்.

"உன் கார்தான், யாரு இல்லேன்னா? வேற யாரோட காருன்னு நினைச்சுத் தள்ளினே?"

பள்ளத்தாக்கே மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. ஹோபர்ட் வாயைத் திறந்தான். மூடினான். இன்னொரு தடவை திறந்தான்.

"என் காருன்னு நினைச்சுத்தான் பாஸ்டர்" என்றான்.