மைனஸ் சாருக்குப் பெண் பார்த்தோம்

கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்துக்காக மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் ஆரணியிலேயே ஒருவர்தான்: எங்கள் மாடியில் குடியிருந்த மைனஸ் சார். பெங்களூரு ஆய்வுக்கூடம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே கணினியில் கணக்குப் போடுவார். அவருடைய சர்க்யூட்டுகள் மைனஸ் இருநூற்றெழுபது டிகிரிக்கும் கீழான குளிரில்தான் வேலை செய்யுமாம். அதைக் கேட்டே தெருவில் இரண்டு பேருக்கு ஜலதோஷம் பிடித்தது.

“ஒரு சர்க்யூட் தனியா இருந்தா, தன்கிட்ட இருக்கிற வெளிச்சத்தை மெதுவா, தோணுறப்போ விடும். ஒரே மாதிரி அஞ்சை ஒரே லைன்ல சேர்த்துட்டா எல்லாம் ஒண்ணா பளிச்சுனு விட்டுடும். அஞ்சு மடங்கு இல்லீங்க, அதுக்கும் மேல!” என்பார்.

பெண் பார்க்கப் போன இடங்களிலும் இதையேதான் சொன்னார். எல்லோரும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியாக வந்த சந்தவாசல் வரன், ஒரு சயின்ஸ் டீச்சர். கேள்விப்பட்டதுமே சாருக்கு மிகவும் பிடித்துப்போனது.

“இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே பாக்கறதா இல்லீங்க” என்றார். அவருக்குச் சொந்தம் என்று யாருமில்லை. தெருவிலிருந்து ஐந்து பேர் கூடப் போவதாக முடிவானது.

அதில்தான் சாரின் ஆராய்ச்சி குறுக்கே வந்தது. ஆளுக்கொரு நேரம் புகழ்ந்தால் எடுபடாதாம். ஐவரும் ஒரே நொடியில், “மாப்பிள்ளை தங்கமான பையன்” என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் தெரு பவர்லூம் அண்ணனின் தறிக்கூடத்தில் ஒத்திகை. அவர் தறியை நிறுத்துவாரா? அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்திப் பழகினோம். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவே இல்லை. பிரமாதமாக வருகிறது என்று எல்லோரும் நினைத்தோம்.

சந்தவாசலில் பெண் காபியோடு வந்ததும் சார் தலையசைத்தார். அந்தச் சின்னக் கூடத்தில் ஐவரும் தறிக்கூடக் குரலில், ஆளுக்கொரு நேரத்தில் அலறினோம். தொட்டில் குழந்தை வீறிட்டது. பெண்ணின் அப்பா பஜ்ஜித் தட்டைக் கீழே போட்டார்.

“இன்னாய்யா பேஜாரு இது? கூவிகினு கீறீங்க! மாப்ளைக்கு நீங்கள்லாம் இன்னா ஒறவு?”

சாரின் முகம் வெளுத்தது. “உறவுன்னு எனக்கு யாரும்…” என்று தரையைப் பார்த்தார்.

இதற்கு ஒத்திகை இல்லை. யாரும் தலையசைக்கவும் இல்லை.

“எங்க வூட்டுப் பையன்” என்றோம் ஐந்து பேரும். சாதாரணக் குரலில், ஒரே நொடியில்.

பெண் முதன்முறையாக நிமிர்ந்து சாரைப் பார்த்தாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “உக்காருங்க, வேற பஜ்ஜி வருது” என்றார்.

கல்யாணமாகி அவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். அன்று சொன்ன ஐவரில் நானும் ஒருவன். பொய் சொன்னதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.