பின்ரூமுக்கு ஒரு மாஸ்டர் பிளான்

அன்றைக்குப் பிளான்காரருக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. ஊருக்கே மாஸ்டர் பிளான் போடுகிற ஆர்க்கிடெக்ட் அவர். எந்தத் தெரு எங்கே திரும்பணும், எந்தக் கடை எந்த மூலைக்குப் போகணும் என்று விரல் நீட்டிச் சொல்லுகிறவர். அப்பேர்ப்பட்டவருடைய மேஜை மேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது. உச்சியில் மாமியாரின் உள்பாவாடை.

"இது வரையிற மேஜையா, துணிக்கடையா?"

"படுக்கிற ரூம்ல மேஜை போட்டா அது மேல துணிதான் விழும்," என்றாள் மனைவி. ஹாலில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அப்போ பின்ரூமை எனக்குக் குடு!"

"ஆசைதான்! அது என் தையலுக்கு. அளவு குடுக்க வர்றவங்களை டிவி முன்னாடி நிக்க வெச்சு அளக்குறேன். எனக்கே மானம் போகுது."

பின்ரூமில் இப்போது குடியிருப்பது ஓட்டைச் சாமான்கள் மட்டும். அதற்காக இருவரும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். கத்தினால் இந்த வீட்டில் ஒரு செங்கல்கூட நகராது என்று பிளான்காரருக்குத் தெரியும். கத்தாத நாளா?

அதனால் தொழில் புத்தியைக் கையில் எடுத்தார். வராந்தாவில் நின்று, போனில் கூட்டாளியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஆபீஸ்ல பண்றதை வீட்டுலயும் பண்ணப்போறேன்டா. மூணு பிளான் வெப்பேன். ரெண்டுல வேணும்னே கோளாறு இருக்கும். வேற வழியில்லாம மூணாவதுல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. மக்கள் பங்கேற்பு! யாரு என்னைக் கேக்க முடியும்?"

மூன்றையும் வரைந்து மேஜையில் வைத்தார். மறுநாளே அவற்றின் மேலும் துணி ஏறியது. பொறுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், வைக்கிறேன் வேட்டு!

ஞாயிற்றுக்கிழமை ஹால் சுவரில் மூன்று பிளான்கள் தொங்கின. முதல் பிளானில் பின்ரூமைத் தையலுக்கே கொடுத்திருந்தார், தாராளப் பிரபு! ஆனால் குளியலறைக் கதவு சாப்பாட்டு மேஜையைப் பார்த்துத் திறக்கும். அவருடைய மேஜையை, பேருக்கு எங்காவது இருக்கட்டும் என்று, மாடிப்படிக்குக் கீழே சொருகியிருந்தார். இரண்டாவதில் மாமியார் கட்டிலைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக முடியும். மூன்றாவது அப்பழுக்கில்லாதது. பின்ரூம் அவருக்கு.

"இந்த வீட்டுல இருக்குற எல்லாருக்கும் சம உரிமை," என்று தொண்டையைச் செருமினார். "ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர். பிடிச்ச பிளான்ல ஒட்டுங்க."

"அப்பா, உங்க கையில எதுக்கு ஸ்டிக்கர்?" என்றாள் கல்லூரிக்குப் போகிற மகள். "கூட்டம் நடத்துறவங்க ஓட்டுப் போடக் கூடாதுன்னு நீங்கதானே ஆபீஸ் கூட்டத்துக்காகக் கண்ணாடி முன்னாடி பேசிப் பழகுனீங்க?"

பிளான்காரருக்குச் சுருக்கென்றது. போகட்டும், ஒரு ஓட்டுதானே! ஸ்டிக்கரைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, பிளானைத் திருத்தலாமா?" என்றார் மாமியார்.

"தாராளமா, அத்தை. ஜனங்க திருத்தினாத்தான் அது ஜனங்க பிளான்." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

மனைவி எழுந்தாள். ரப்பரை எடுத்து முதல் பிளானில் குளியலறைக் கதவை அழித்தாள். பென்சிலால் அந்தப் பக்கச் சுவரில் போட்டாள். அவ்வளவுதான், கோளாறு போச்சு. சடசடவென்று மூன்று ஸ்டிக்கரும் அதிலேயே விழுந்தன.

"ஏய், நில்லுங்க! என் மேஜை?"

"மாடிப்படிக்குக் கீழ. நீங்க வரைஞ்சதுதாங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் தச்சர் நின்றார். தோளில் ஒரு பலகை. அதன் ஒரு முனை, மாடிப்படியின் சரிவுக்குக் கணக்காக, ஏற்கெனவே சாய்த்து அறுக்கப்பட்டிருந்தது.

பிளான்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. "இந்த அளவு உனக்கு எப்படிடி தெரியும்?"

"துணி மடிச்சு வெக்கும்போது பாத்தேன். வரைபடம் அடியிலதானே இருந்துச்சு. அன்னிக்கே அம்மாகிட்டயும் பொண்ணுகிட்டயும் பேசி வெச்சுட்டேன்."

"பித்தலாட்டம்!" வீடே அதிரக் கத்தினார். "பச்சை மோசடி! முடிவை முன்னாடியே எடுத்து வெச்சுக்கிட்டு, அப்புறம் கூட்டம் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுறதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா உனக்கு?"

மனைவி ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியுமேங்க. வராந்தாவுல நின்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க? மக்கள் பங்கேற்பு."