தலகாணி அக்கா பார்த்துக் கொடுத்த வீடு

விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் தலகாணி அக்கா மத்தியானத்தில் படுத்துப் பார்க்காத வீடு ஒன்று உண்டென்றால், அதற்கு இன்னும் கூரை போடவில்லை என்று அர்த்தம். அக்கா வீட்டுப் புரோக்கர். செல்போனில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. மற்ற புரோக்கர்கள் டைரியும் பேனாவுமாகத் திரிவார்கள். அக்கா கையில் வெள்ளை உறை போட்ட தலையணை இருக்கும். அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குச் சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் ஆர்டர் பிடிக்கும் வேலை. சீசன் முடிந்தால் கை காய்ந்துவிடும். மாதாமாதம் வாடகை வருகிற மாதிரி சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போடலாம் என்று ஆசைப்பட்டேன். என் மனைவி ரெட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். "இது போச்சுன்னா நம்மகிட்ட வேற ஒண்ணுமில்ல. பாத்துச் செய்யுங்க" என்றாள். வீடு வாங்குவதில் எனக்கு அ, ஆ தெரியாது. யாரோ அக்காவைக் கைகாட்டினார்கள்.

முதல் வீடு விருதுநகரில். வீட்டுக்காரர் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்கா வணக்கம் சொன்னார், கூடத்தின் நடுவில் தலையணையைப் போட்டார், கைகளை நெஞ்சில் கோத்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டார். வீட்டுக்காரருக்கு வாயில் போட்ட சோறு இறங்கவில்லை. எனக்கோ உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"வாடகைக்கு வாரவுக மத்தியானம் இங்கன படுத்தா வெக்கை தாங்குமா தாங்காதான்னு பாக்க வேணாமா?" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. பிறகு படுத்தபடியே கேள்விகள். "பத்திரம் அசலா, ஜெராக்ஸா? வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா? கூடப்பெறந்த தங்கச்சிமாரு கையெழுத்துப் போட்டுட்டாகளா? முன்ன குடியிருந்தவுக ஏன் காலி பண்ணுனாக? தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருது?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றார் வீட்டுக்காரர்.

அந்நேரம் பார்த்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், ஒருத்தி அசையாமல் படுத்திருப்பதையும் சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பதையும் கண்டு, "ஐயோ, போயிட்டீகளா!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பக்கத்து வீடா தாயி? நல்லதாப் போச்சு. இந்தத் தெருவுல தண்ணி எப்ப வரும்?"

பிணம் பேசியதில் வெலவெலத்துப் போனவள் பொய் சொல்ல மறந்துவிட்டாள். "பத்து நாளைக்கு ஒருக்க" என்றாள். அந்த வீடு அத்தோடு முடிந்தது.

இன்னொரு வீட்டில் அக்கா படுத்திருந்தபோது ஆப்பம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து காதோரம் விழுந்தது. நான் அலறிவிட்டேன். அக்கா அசையவில்லை. "வீட்டுக்காரரே, இது எந்த வருசத்துப் பூச்சு?" என்று மட்டும் கேட்டார்.

ஆறு வீடு போனது. எனக்குப் பொறுமையும் போனது. ஏழாவது வீடு ஆமத்தூர்ப் பக்கம், தெருவை விட்டு ஒதுங்கி இருந்தது. ஏற்கெனவே ஆள் குடியிருந்தார். அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலைக்கென்று வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். ஊர் வாடகையைப் போல இரண்டு மடங்கு தருகிறாராம். "ஆளு சாத்தூர் போயிருக்காரு. வீட்டப் பாருங்க, அட்வான்ஸ இப்பவே குடுத்துருங்க. நாளைக்கு வாங்குறதுக்கு வேற ஆளு வருது" என்றார் வீட்டுக்காரர். என் கை தானாகவே பைக்குள் போனது.

வழக்கம்போல அக்கா முன்னறையில் படுத்தார். கொஞ்ச நேரம்தான். விருட்டென்று எழுந்து, "அண்ணாச்சி, குடுக்காதீக" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "வாங்க வேணாம், வாங்க வேணாம்னு சொல்லிச் சொல்லியே என் பொழப்பக் கெடுக்கப் பாக்கீகளா? வேற யாருகிட்ட கமிஷன் பேசிருக்கீக?" என்று கத்தினேன்.

அக்கா தலையணையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை உறையில், தரையில் பட்ட இடமெல்லாம் வெள்ளியாக மின்னியது. சிவகாசிக்காரனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர். திரும்பிப் பார்த்தால், வீட்டுக்காரர் வாயில் பீடி, கையில் தீப்பெட்டி! குச்சியை எடுத்தே விட்டார். அக்கா எட்டி அவர் கையைப் பிடித்து, தீப்பெட்டியை மெதுவாக வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"செருப்பு மாட்டாதீக. எதையும் இழுக்காதீக. வெறுங்காலோட பைய வெளிய நடங்க."

நான் எங்கே பைய நடந்தேன்! தெருமுனைக்குப் போய்த்தான் நின்றேன். பக்கத்தில் வீட்டுக்காரர் மூச்சு வாங்கினார். அக்காவைக் காணவில்லை.

படுத்திருந்தபோது தரை வழியாக இருமல் சத்தம் கேட்டிருக்கிறது அவருக்கு. உள்ளறைக் கதவுக்கு வெளியே இரும்பு நாதாங்கி போட்டிருந்தது. இரும்போடு இரும்பு உரசி ஒரு தீப்பொறி வந்தால் போதும், வீடே இருக்காது. குடத்துத் தண்ணீரை நாதாங்கி மேல் ஊற்றி ஊற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற பதனத்தோடு அதைத் தூக்கியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வாசலில் ஒருத்தர் பின் ஒருத்தராக மூன்று பெண்கள் முழங்கை வரைக்கும் வெள்ளிக் கையோடு வந்ததும், கடைசியாக அக்கா வந்ததும்தான். திருட்டுப் பட்டாசு செய்ய உள்ளே மூன்று உயிரை வைத்து அடைத்துவிட்டு ஒருவன் சாத்தூருக்குப் போயிருக்கிறான். அவன் தந்த இரண்டு மடங்கு வாடகைக்குத்தான் நான் பையைத் திறந்திருக்கிறேன்.

கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்தோம். "ஏசிப்புட்டேன், மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"வீடு வாங்குறவுக எல்லாரும் என்னய ஏசத்தான் செய்வாக. குடிவந்தவுக ஒருத்தரும் ஏசுனதில்ல. டீயக் குடிங்க, ஆறிரப் போகுது."

பிறகு அக்கா சூலக்கரையில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார். ஒரு மத்தியானம் முழுக்கப் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். குடிவைக்க ஆளையும் அவரே கூட்டிவந்தார். அந்த மூன்று பெண்களில் ஒருத்தி. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள்.

"இவுகளால எம்புட்டுத் தர முடியும்?" என்று அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"கொறச்சுத்தான் தருவா. ஆனா நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

வாடகையைக் கூட்டச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். கேட்டுவிடலாம் என்று நானும் இரண்டு தடவை சூலக்கரைக்குப் போனேன். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அக்கா சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.