காலுறையைக் கழற்றினால் கோச் போய்விடுவார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஸ்டேடியத்து வாசலில், சாஸேஜ் சுடும் புகையையும் மீறி ஒரு வாடை அடித்தால் தீர்க்கதரிசி ஆர்வில் வந்துவிட்டார் என்று அர்த்தம். வாடை அவருடையது அல்ல. அவருடைய பக்தர்களின் கால்களுடையது.

எங்கள் நீர்நாய்கள் அணி அமெரிக்கக் கால்பந்தில் ஊர் ஊராகப் போய் உதை வாங்கிக்கொண்டிருந்த அணி. தடுப்பாட்டப் பயிற்சியாளராக டாரன் விட்லாக் வந்தார். அதன்பின் எதிரணிக்காரன் பந்தைக் கையில் எடுப்பான், எங்கள் பையன்கள் நாலு பேர் அவன் மேல் விழுவார்கள், அவ்வளவுதான். ஜெயிக்க ஜெயிக்க ஊருக்குக் காய்ச்சல் வந்தது. ஜெயிக்கிற தடுப்புப் பயிற்சியாளரை வேறு ஊர் அணி தலைமைப் பயிற்சியாளராகக் கூட்டிக்கொண்டு போய்விடுமே! விட்லாக் போவாரா, இருப்பாரா? சர்ச்சில் இதே பேச்சு. சாவு வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் இதே பேச்சு.

ஆர்வில் அதுவரை பழைய டிரக் வியாபாரி. ஓடாத வண்டியை விற்ற வாய்க்குத் தீர்க்கதரிசனம் ஒரு பெரிய வேலையா?

"மொத ஜெயத்தன்னிக்கு இடது கால்ல எந்தக் காலுறை இருந்துச்சோ, அதக் கழட்டாதீங்க! தொவைக்காதீங்க! குனிஞ்சு பாக்கவும் கூடாது! உங்க காலுக்கும் விட்லாக் மனசுக்கும் நடுவுல ஒரு நூல் ஓடுது!"

நூலுக்குக் காவலாகக் கணுக்காலில் ஓர் ஆரஞ்சு நாடா கட்டுவார். இருபது டாலர். வாராவாரம் கண்ணை மூடி ஒரு பக்தரின் காலைத் தொட்டு, "இருப்பார்" என்பார். அப்புறம் குரலை இறக்கி, "ஒருத்தர் கழட்டினாலும் போயிடுவார்" என்பார். இருந்தால் இவர் மகிமை, போனால் எவனோ ஒரு பாவியின் குற்றம். எப்படி இருக்கிறது வியாபாரம்!

என் பக்கத்து வீட்டு ஃபிளாய்டும் நாடா கட்டிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. தினமும் காலைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் மனைவி லொரெட்டா கெஞ்சிப் பார்த்தாள்.

"காலைக் காட்டு, ஃபிளாய்ட்."

"சீசன் முடியட்டும்."

"அதுக்குள்ள காலே முடிஞ்சிடும்!"

"என் ஒரு காலுக்காக ஊரையே கெடுக்கச் சொல்றியா?"

சனிக்கிழமை மத்தியானம் ஃபிளாய்ட் பீர் குடித்துவிட்டு சோபாவில் குறட்டை விட்டார். லொரெட்டா நாடாவை அவிழ்த்தாள், காலுறையைக் கத்தரித்தாள். பெருவிரலுக்குக் கீழே சீழ் கோத்த புண். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எழுப்பிச் சொன்னால் மனுஷன் புண்ணுக்கு அழமாட்டார், விட்லாக்குக்குத்தான் அழுவார். கழுவிக் கட்டுப் போட்டாள். அதே நிறத்தில் புதுக் காலுறை மாட்டி, பழைய நாடாவையே கட்டினாள். ஃபிளாய்ட் எழுந்தார். குனிந்து பார்க்கக் கூடாதல்லவா, பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆர்வில் அந்தக் காலைத் தொட்டார். உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினார்.

"ஆகா! சீசன் முழுக்க அசையாத காலுறை! நூல் எப்படி அதிருது பாருங்க! இந்தக் கால்தான்யா விட்லாக்கக் கட்டிப் போட்டிருக்கு!"

கூட்டம் ஆரவாரித்தது. லொரெட்டா ஃபிளாய்டின் காலுறை விளிம்பைப் புரட்டினாள். உள்ளே விலைச்சீட்டு தொங்கியது.

"நேத்து வாங்கினது. பழசு என் வீட்டுக் குப்பைத் தொட்டியில கெடக்கு. அங்க ஏதாவது அதிருதா ஐயா?"

ஆர்வில் சட்டென்று அந்தக் காலிலிருந்து கையை எடுத்தார். "அது... நூல் புதுக் காலுறைக்குத் தாவிடுச்சு."

"தாவுமா? அப்போ இத்தன பேரும் தொவைச்சே போட்டிருக்கலாமே!"

சிரிப்பு கிளம்புவதற்குள் எவனோ போனைப் பார்த்து அலறினான். விட்லாக் போகிறார்! வேறு ஊருக்குத் தலைமைப் பயிற்சியாளர்!

ஆர்விலுக்கு உயிர் திரும்பியது. "சொன்னேனா இல்லையா? இவதான் கழட்டினா!"

"அடிப்பாவி, ஊரைக் கெடுத்துட்டியே!" என்று கூட்டம் லொரெட்டாவை நெருக்கியது.

ஃபிளாய்ட் குனிந்து, காலுறையைக் கழற்றி, மாதக்கணக்கில் பார்க்காத தன் பாதத்தைப் பார்த்தார். கட்டுத் துணியில் சீழ் கசிந்திருந்தது. முகம் வெளுத்தது. அப்புறம் அந்தப் போனைப் பிடுங்கி வாசித்தார்.

"வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சுன்னு இதுலயே இருக்குடா! இவ கழட்டினது சனிக்கிழமை. இந்த ஆளு என் காலைத் தொட்டு 'கட்டிப் போட்டிருக்கு'ன்னு சொன்னது இப்போ! போனவரைக் கட்டிப் போட்டாரா, இல்ல நம்மளையா?"

ஆர்வில் நாடாப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நழுவினார். ஃபிளாய்ட் ஆட்டத்துக்குப் போகவில்லை. லொரெட்டா நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

விட்லாக் ஜெயித்தார், கூப்பிட்டார்கள், போனார். இதைப் புரிந்துகொள்ள ஒருவன் கால் அழுக வேண்டியிருந்தது. சரி, ஊர் திருந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே ஒருவன் என்னிடம் வந்து கேட்கிறான்: "புதுசா வர்றவர் நிலைச்சு இருக்க எந்தத் தொப்பி போட்டா நல்லது?"

அட மடையா, எந்தத் தொப்பியானாலும் போட்டுக்கொள். தொப்பிக்குக் கீழே இருப்பதை ஒரு தடவையாவது உபயோகி!