ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த பூட்ஸ்

வருங்கால மாமனாரிடம் நல்ல பேர் வாங்க நினைப்பவன், வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடப்பது உத்தமம். எனக்கு இந்தப் புத்தி வந்தபோது காரியம் கெட்டுவிட்டிருந்தது. சொல்லிச் சொல்லி அலுத்த கதை. இன்னொரு தடவை சொல்கிறேன்.

பரீதாவைப் பெண் கேட்டிருந்தோம். அவள் அத்தா சென்னையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "பையனோட ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுத்தான் முடிவு" என்று கோல்ஃப் மட்டைகளோடு எங்கள் ஊர் போடிக்கே வந்துவிட்டார். மலைக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் மறுநாள் பழைய சிநேகிதர்களோடு ஆட்டமாம். நான் சும்மா இருந்தேனா? "போற வழியில அருவி பாத்துட்டு, டென்ட் போட்டுத் தங்கிருவோம் மாமா" என்றேன். (டென்டை அதுவரை கடைவாசலில் தொங்கும்போது பார்த்ததோடு சரி.)

போடிமெட்டு வளைவுகளில் எனக்குத்தான் வாந்தி. அருவிக்கரையில் அவர் கோல்ஃப் பூட்ஸ் காலோடு தயங்கி நின்றார்.

"பூட்ஸைக் கழட்டிரவா தம்பி?"

"வேணாம் மாமா. அடியில முள்ளு இருக்குல்ல, வழுக்காது."

அடுத்த நொடி இடுப்பளவு தண்ணீரில் இருந்தார். "இது இல்லாம நாளைக்கு ஆட விடமாட்டாங்களே" என்றார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏலக்காய் வியாபாரி மகனுக்கு ஈரம் என்றால் ஒரே வைத்தியம்தான் தெரியும். நாங்கள் டென்ட் போட்டிருந்த ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பச்சைக் காயே கலகலவென்று காயும்போது பூட்ஸ் எம்மாத்திரம்? ஸ்டோர்க்காரர் பாண்டியண்ணன் சாப்பிடப் போன நேரத்தில், காய்த் தட்டின் நடுவில் ஜோடியாக வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் பாண்டியண்ணன் சத்தம்தான் எழுப்பியது. "எவன்டா இந்தச் சோலியைப் பாத்தது? காயெல்லாம் செருப்பு நாத்தம் அடிக்குது! வெரசா வந்து பாரு!"

பூட்ஸ் சுருங்கி, வாய் பிளந்து, சின்னப் பிள்ளை கால் அளவுக்கு வந்திருந்தது. மாமா கையில் வாங்கி மோந்து பார்த்தார். "இது நல்லா வாசமாத்தான் இருக்கு" என்றார்.

கல்யாணம் போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நான்தான் வச்சேன் மாமா. அந்த அருவிக்கு நானும் நேத்துத்தான் மொதமொதல்ல வந்தேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று சிநேகிதர்கள் ஆடுவதைப் பார்த்தார். பக்கத்தில் நான், மட்டைப் பையோடு, வெறுங்காலில். போடிக்குத் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சரி மாப்ளே, தேதி பாக்கச் சொல்லுங்க."

நாறிய காயைப் பாண்டியண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் அத்தா எதையும் வீணாக்குகிறவர் இல்லை. கல்யாண பிரியாணியை ஊரே பாராட்டியது. மாமா மட்டும் தயிர்ச்சோறு சாப்பிட்டார்.

எனக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடமும் போகிறார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிரியாணிச் சட்டியைத் திறந்தால், மாமா எழுந்து வாசலுக்குப் போய், என் செருப்பு இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் உட்காருகிறார்.