அனந்தநாராயணனின் இரண்டு பிறந்த தேதிகள்

மாட்டுங்காவில் சரித்திரம் 1964 ஜூன் மாதம்தான் தொடங்கியது. அதற்கு முன் நடந்ததெல்லாம் வெறும் சம்பவங்கள். தொடங்கி வைத்தவர், நேபாள சரித்திராசிரியர் பண்டிட் ஹோமநாத் உபாத்யாய.

தம் நாட்டுப் பழைய மந்திரி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அச்சிட பம்பாய் வந்திருந்தார். அந்த மந்திரி பிறந்தது செவ்வாயா, புதனா என்று கண்டுபிடிக்கவே அவருக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. புதன். இப்பேர்ப்பட்ட மேதையை நாங்கள் தினமும் மெஸ்ஸில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தரிசித்து வந்தோம்.

எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க்கும் மாட்டுங்கா தமிழ்ச் சங்கத் தலைவருமான அனந்தநாராயணனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அவருடைய 'மகத்தான' வாழ்க்கையை நூலாக வெளியிட ஏகமனதாகத் தீர்மானித்தோம். பண்டிட்ஜி ஹிந்தியில் எழுதுவார்; சங்கக் காரியதரிசியான நான் தமிழாக்குவேன்.

முதல் கேள்வியிலேயே வண்டி நின்றது.

"எப்போது பிறந்தீர்கள்?"

"ஆத்திலயா, ஆபீஸ்லயா?" என்றார் தலைவர்.

ஜாதகப்படி 1904. ரெகார்டுப்படி 1907. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் செய்த கைங்கரியம். ஐம்பத்தெட்டில் ஓய்வுபெற வேண்டியவர், அறுபதிலும் ஐம்பத்தேழாக நாற்காலியில் இருந்தார். இதில் தவறென்ன? எங்கள் ஆபீஸில் ஒருவரும் ஒரே தடவை பிறந்ததில்லை.

"ஆத்மி ஏக், தாரீக் தோ?" ஆள் ஒன்று, தேதி இரண்டா என்று பண்டிட்ஜி பேனாவை மூடிவிட்டார்.

தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய், தை மாசம் கடைசிப் பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்குள்ள ரிடையராக்கிட்டான்னா செம்பூர் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். மாப்பிள்ளையாத்துக்காராளை எங்கே கொண்டு இறக்குவேன்?"

பண்டிட்ஜிக்குப் பொய் எழுத வராது, இரக்கம் வரும். "எங்கள் நாட்டு வருஷத்தில் எழுதுகிறேன். அதுவும் உண்மைதான்" என்றார். நேபாளத்து விக்கிரம வருஷம் நம்முடையதைவிட ஐம்பத்தேழு கூடுதல். ஆக, பிறந்த வருஷம் 1961. யாருக்குப் புரியப்போகிறது!

'சங்க விழா' என்று சொல்லி மானேஜரையும் அழைத்திருந்தோம். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. எனவே புத்தகத்தில் தம்மால் வாசிக்க முடிந்த ஒரே விஷயத்தை வாசித்தார்.

"1961? நம் ஹெட்கிளார்க்குக்கு மூன்று வயதா?"

சபை சிரித்தது. தலைவரும் சிரித்தார். அத்தோடு போயிருக்கும். ஆனால் தாம் எழுதிய தேதியைப் பார்த்து யாரும் சிரிப்பதைப் பண்டிட்ஜி பொறுக்க மாட்டார். எழுந்து நின்று, "ஐம்பத்தேழைக் கழியுங்கள்" என்றார்.

மானேஜர் கழித்தார். கழிப்பதில் மானேஜர்கள் கெட்டிக்காரர்கள்.

மறுநாளே தலைவர் ஓய்வுபெற்றார். கல்யாணத்துக்கு முன்பே குவார்ட்டர்ஸ் காலியாயிற்று. எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் வருத்தப்படுகிறேன். சாயங்காலம் செம்பூர் போய், இப்போது எனக்கு ஒதுக்கியிருக்கும் அவருடைய குவார்ட்டர்ஸிலும் வருத்தப்படுகிறேன். விழாவுக்கு மானேஜரை அழைக்கும் யோசனை யாருடையது என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

போன வாரம் பண்டிட்ஜி ஆபீஸுக்கே வந்தார். "அடுத்து உங்கள் சரித்திரம்" என்று பேனாவைத் திறந்தார். "எப்போது பிறந்தீர்கள்?"

"நான் இன்னும் பிறக்கவேயில்லை, பண்டிட்ஜி" என்று சொல்லி, அன்றைக்கே அவரை ரயிலேற்றிவிட்டேன்.