கேட்டிலிருந்து ஒன்பது ரிங்

நாலாவது நாளும் அந்த ஒன்பது அழைப்புகள் வந்துவிட்டன.

கீழே ரூட்டர் இருக்கும் சின்ன ரூமில் சரவணக்குமார் லேப்டாப்பை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தான். மணி பத்து இருபத்தொன்று. கேட்டிலுள்ள செக்யூரிட்டி அறை போனிலிருந்து, மாடியில் ஒன்பது மேஜைகளுக்கும் வரிசையாக ஒவ்வொரு அழைப்பு. எல்லாம் ஒரே ஒரு ரிங். யாரும் எடுக்கவில்லை. முதலாளி அறைக்கு மட்டும் அழைப்பே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்து விற்கும் அந்தக் கம்பெனிக்கு அவன் வந்து மூன்று மாதம் முடியப்போகிறது. வேலை நிரந்தரமா, இல்லை ஐயப்பன்தாங்கல் ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறுவதா என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். கடைசிப் பரீட்சையாக முதலாளி ஏகாம்பரம் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஆபீஸ் போனெல்லாம் இன்டர்நெட் போனாகிவிட்டது, பேச்சு வெட்டுகிறது, ரூட்டரில் ஏதாவது செய்து எங்கிருந்து எங்கே எவ்வளவு பேச்சு போகிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

வெட்டுக்குக் காரணம் முதல் நாளே தெரிந்தது. காலையில் ஆபீஸ் முழுக்க சீரியல் பார்க்கிறது. பேச்சுக்கு ரூட்டரில் தனி வழி விட்டான், சரியாயிற்று. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. அந்த ஒன்பது ரிங் அவனைச் சாப்பிட விடவில்லை.

நேராக கேட்டுக்குப் போனான்.

"டில்லி அண்ணே, தினம் காலையில எல்லாருக்கும் போன் போடுறீங்களா?"

செக்யூரிட்டி டில்லிபாபு, போனை அன்றைக்குத்தான் பார்ப்பவர் போலப் பார்த்தார். "நானா? நான் இன்னாத்துக்குப் போடப்போறேன் தம்பி. தொடைக்கசொல்ல கை பட்டிருக்கும்."

"ஒம்பது நம்பரும் வரிசையாவா?"

"நான் நல்லாத் தொடைப்பேன்பா."

ஆபீஸ் மேனேஜர் சுலோசனாவிடம் போனான். அவள் லிஸ்டைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"ரிப்போர்ட்ல ஒம்பதுன்னு போடாத. ரெண்டுன்னு போடு."

"கம்ப்யூட்டர் எண்ணினது மேடம்."

"சரி, நாலு. அதுக்கு மேல போகாத."

காய்கறிக்குப் பேரம் பேசலாம், கால் லிஸ்டுக்குமா? ஏதோ வைரஸ், மேடத்துக்கும் பயம் என்று முடிவு கட்டினான். கேட் போனிலிருந்து உள்ளே எந்த அழைப்பும் போகாதபடி ரூட்டரில் அடைத்தான்.

புதன்கிழமை ரிங் வரவில்லை. பத்தரைக்கு முதலாளி வந்தார். சாதனையை நேரில் சொல்லலாமென்று சரவணக்குமார் அவர் பின்னாலேயே மாடியேறினான்.

கணக்கு பார்க்கும் வீரராகவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வர்ஷா மேஜைமேல் பேப்பர் விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுலோசனா காதில் ஹெட்போன் மாட்டி, யாரோ ஒரு மருமகளுக்காகக் கண்ணைத் துடைத்தாள். டெஸ்பாட்ச் ஆட்கள் கேரம் போர்டில் குனிந்திருந்தார்கள். சிவப்புக் காய் விழும் நேரம்.

யாரும் வாசலைப் பார்க்கவில்லை. முதலாளி ஒரு நொடி நின்றார். சட்டென்று திரும்பினார்.

"கார்ல கண்ணாடிய வச்சிட்டேன்" என்றார், மூக்கின்மேல் இருந்த கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து.

படியிறங்கும்போது பலமாக இருமினார். சாவிக்கொத்தால் கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே போனார். வயசாகிவிட்டது பாவம் என்று சரவணக்குமார் நினைத்துக்கொண்டான்.

அவர் போனதும் சுலோசனா அவனைப் பிடித்தாள். "என்னத்தைப்பா பண்ணின?"

"வைரஸ நிறுத்திட்டேன் மேடம்."

"அந்த வைரஸ மறுபடி எடுத்து உள்ள வை."

வைத்தான். ஆனால் சும்மா வைக்க மனசு வரவில்லை. யாரைத் தேடித்தான் அந்த அழைப்பு வருகிறதென்று பார்க்க, யாராவது எடுக்கும்வரை ரிங் நிற்காதபடி மாற்றினான்.

வியாழக்கிழமை பத்து இருபத்தொன்றுக்கு ஒன்பது போன்களும் தொடங்கின. கேரம் போர்டு பீரோவுக்குப் பின்னால் போயிற்று. கீரை டிராயருக்குள் போயிற்று. எடுத்தால் என்ன பேசுவதென்று தெரியாததால் யாரும் போனைத் தொடவில்லை. பத்தரைக்கு முதலாளி நுழைந்தபோது, தேர் நிலைக்கு வந்த கோயில் மாதிரி மணியடித்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?"

வீரராகவன், அணைந்துகிடந்த கம்ப்யூட்டரில் மும்முரமாக டைப் அடித்தபடி நிமிர்ந்தார். "எது சார்?"

"போன் அடிக்குது."

"அப்படியா சார்?"

வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். சரவணக்குமார் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தான். கேட் போன் வரிகளுக்கு மஞ்சள் அடித்திருந்தான். அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"ஒம்போது பேருக்கும் போவுதா? யாரும் விட்டுப்போகலியே?"

"இல்ல சார். கரெக்டா ஒம்பது."

"எவ்ளோ நேரத்துல?"

"நாப்பது செகண்டுல சார்."

"பரவால்லியே." ரிப்போர்ட்டை மடித்து டிராயரில் போட்டுப் பூட்டினார். "எல்லாத்தையும் பழையபடி வச்சிடு. நீ போ தம்பி."

நிரந்தரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரூட்டரைப் பழையபடி ஆக்கிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கீழே வந்தான். கேட்டில் நின்றான்.

"எனக்கு வேலை போயிடுச்சுன்னு நினைக்கிறேண்ணே. போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முதலாளி வர்றாருன்னு மாடிக்குச் சொல்லத்தானே அந்த ரிங்?"

டில்லிபாபு சிரித்தார்.

"அது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. புரியாதது வேற. அவரு கேட்டுக்கு வர்றது பத்தரைக்கு. நீங்க ரிங் குடுக்கறது பத்து இருபத்தொண்ணுக்கு. ஒம்பது நிமிஷம் முன்னாடியே அவரு வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டில்லிபாபு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாடி பாலம் எறங்குனதும் கார்லேர்ந்து அவருதான் எனக்குப் போன் போட்டு, 'டில்லி, மேல ரிங் குடுத்துடு, சும்மா குந்திகினு இருக்குறத என் கண்ணால பாத்துட்டேன்னா வேலைய வுட்டு அனுப்பியாவணும், நான் குடுக்குற சம்பளத்துக்கு வேற ஆளு எவன் வருவான்'னு சொல்றாரு தம்பி, நாளைலேர்ந்து பத்து ரிங்காம், இங்க உன் ரூட்டர் ரூமுக்கும் ஒரு போன் வைக்கச் சொல்லிகீறாரு."